வெயில் காலத்தில் குட்டிக் குழந்தை நச்சரிக்கிறதா? அறிகுறியைப் பார்த்து வழி கண்டுபிடியுங்கள்

ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் நடுவில் இருக்கும் குழந்தைக்குப் 'பொழுது போகவில்லை' என்று சொல்லத் தெரியாது. சிணுங்கும், கையில் இருப்பதை எறியும், நம் காலைக் கட்டிக்கொள்ளும், தரையில் விழுந்து புரளும். பசித்தாலும் இதுதான், தூக்கம் வந்தாலும் இதுதான், புழுக்கம் தாங்காவிட்டாலும் இதுதான். நாமோ எல்லாவற்றுக்கும் 'விளையாட ஏதாவது கொடு' என்ற ஒரே மருந்தைத் தேடி ஓடுகிறோம்.

என் மகளின் இரண்டாவது கோடையில் நானும் அப்படித்தான் ஓடினேன். ஒரு நாள் மதியம் ஐந்தாவது பொம்மையையும் தட்டிவிட்டு அழுதாள். தூக்கும்போது தற்செயலாகப் பின்கழுத்தில் கை பட்டது. முடி நனைந்து ஒட்டிக்கிடந்தது, கழுத்து மடிப்பில் வேர்க்குரு சிவந்திருந்தது. சட்டையைக் கழற்றி, ஈரத் துணியால் துடைத்து, கொஞ்சம் தண்ணீர் குடிக்க வைத்தேன். முதலில் தட்டிவிட்டாளே, அதே பொம்மையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து என் வரிசை மாறிவிட்டது: முதலில் உடம்பு, அப்புறம் விளையாட்டு.

எந்த அறிகுறி என்றாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை

பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். கை, கால் சூட்டை வைத்து முடிவு செய்ய முடியாது. கழுத்தும் முதுகும்தான் சரியாகச் சொல்லும். பிசுபிசுவென்று இருந்தால் உடையைக் குறைத்து, ஈரத் துணியால் துடைத்து, காற்று வரும் இடத்துக்கு மாற்றுங்கள்.

அடுத்து, கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தது? விளையாட்டு மும்முரத்தில் இந்த வயதுக் குழந்தை தாகத்தைச் சொல்லாது. ஒன்று முதல் மூன்று வயது வரை நாளொன்றுக்குத் தண்ணீரும் பாலுமாகச் சேர்த்து சுமார் நான்கு கப் தேவை, அதாவது ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கடும் வெயில் நாளில் இதைவிடக் கூடுதலாக வேண்டும். 'தண்ணி வேணுமா?' என்று கேட்டால் 'வேணாம்' என்றுதான் பதில் வரும். அதனால் கேட்காதீர்கள். அதன் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கப்பை வைத்துவிட்டு, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து குடியுங்கள்.

சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் கவலை இல்லை. அடர் மஞ்சளாகி, வாடையும் கூடியிருந்தால் தண்ணீர் போதவில்லை. ஆறு மணி நேரத்துக்கு மேல் டயப்பர் நனையவே இல்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, நாக்கு வறண்டிருக்கிறது, கண் உள்வாங்கியிருக்கிறது, துவண்டு கிடக்கிறது என்றால் அது பொழுதுபோகாத குழந்தை இல்லை. உடனே மருத்துவரிடம் கொண்டு போங்கள். உடல் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தொட்டு, குழந்தை மயங்கினாலோ, கூப்பிட்டால் சரியாகப் பார்க்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ அது வெப்பத் தாக்கு. அவசர உதவியை அழைத்துவிட்டு, அது வருவதற்குள் நிழலுக்குக் கொண்டுபோய், உடையைக் கழற்றி, உடம்பெல்லாம் குளிர்ந்த தண்ணீரால் நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள். சுயநினைவு தெளிவாக இல்லாத குழந்தைக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இவை எதுவும் இல்லை, வயிறும் நிறைந்திருக்கிறது, தூங்கியும் எழுந்தாயிற்று என்றால் மேலே படியுங்கள்.

அறிகுறி: பொம்மை கூடை நிறைய இருக்கிறது, எதிலும் இரண்டு நிமிடம் நிலைக்கவில்லை

கூடை நிறைய இருப்பதுதான் சிக்கல். அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளை ஒரு முறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள். 2018-இல் வெளியான முடிவு இதுதான்: நான்கு மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம் இருந்தார்கள், ஒரே பொம்மையைப் பல விதமாகவும் பயன்படுத்தினார்கள்.

எனவே இன்றிரவு குழந்தை தூங்கியதும் நாலைந்து பொருளை மட்டும் வெளியே விட்டுவிட்டு மற்றதைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வையுங்கள். வாரம் ஒரு முறை மாற்றுங்கள். பத்து நாள் பார்க்காத பொம்மை குழந்தைக்குப் புதுப் பொம்மைதான். கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மையை மட்டும் இந்தச் சுற்றில் சேர்க்காதீர்கள், அது எப்போதும் அதன் கையில் இருக்கட்டும்.

அறிகுறி: எடுத்ததையெல்லாம் எறிகிறது, கொட்டுகிறது, ஒளித்து வைக்கிறது

இதைக் குறும்பு என்று நினைத்தால் நாள் முழுக்க 'கூடாது' சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். குழந்தை இந்த வயதில் ஒரு செயலை எடுத்துக்கொண்டு அதையே வாரக்கணக்கில் செய்து பார்க்கும். குழந்தை வளர்ச்சியைப் படித்தவர்கள் இதை 'ஸ்கீமா' என்பார்கள். எறிதல், கொட்டுதல், சுமந்து போதல், மூடுதல், சுழற்றுதல் ஆகியவையே அடிக்கடி கண்ணில் படுபவை. விட்டால் கீழே விழுகிறதா, ஒவ்வொரு முறையும் விழுகிறதா என்று அது சோதித்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் குழந்தை திரும்பத் திரும்பச் செய்வது என்ன என்று ஒரு காலை நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். அதே செயலை, அதற்கு ஏற்ற பொருளை வைத்துச் செய்ய விடுங்கள். எறியும் குழந்தைக்குச் சுருட்டிய காலுறைகளும் ஒரு துணிக் கூடையும் போதும். நடுநடுவே கூடையைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைக்கலாம். சுமக்கும் குழந்தைக்குக் கைப்பிடி உள்ள பையும் அதில் போட நாலு காலி டப்பாக்களும். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு அரை மணி நேரம் நடக்கும், வெளியே போக முடியாத மதியத்தில் அது நல்ல நடையும்கூட. மூடும் குழந்தைக்கு மேஜை மேல் ஒரு மெல்லிய துணியைப் போட்டுக் கூடாரம் கட்டிக் கொடுங்கள்; ஒரு பக்கம் திறந்தே இருக்கட்டும், இல்லாவிட்டால் உள்ளே புழுங்கும். சுழற்றுவதில் ஆசை உள்ளதற்கு அகலமான திருகு மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பாக்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகப் பாருங்கள். டாய்லெட் பேப்பர் சுற்றிவரும் அட்டைக் குழாய்க்குள் போகக்கூடிய எந்தப் பொருளும் மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தையின் கையில் இருக்கக் கூடாது. அது தொண்டையில் அடைக்கும் அளவு. பொத்தான் பேட்டரி, சின்னக் காந்தம், தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகள் மூன்றும் வீட்டிலேயே வேண்டாம். விழுங்கிய பொத்தான் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். ஜெல் மணி வயிற்றுக்குள் போய்ப் பெருத்துக் குடலை அடைக்கும்.

அறிகுறி: தண்ணீர் விளையாட்டு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, வீடு மட்டும் நனைகிறது

கோடையில் தண்ணீரைவிட நல்ல விளையாட்டுப் பொருள் எனக்குத் தெரிந்து இல்லை. அது கைகொடுக்காமல் போனால் பெரும்பாலும் நாம் வைத்த விதம்தான் காரணம். ஒரு பெரிய டப்பில் தண்ணீர் நிரப்பி, பத்துப் பொம்மையை மிதக்கவிட்டால் குழந்தை இரண்டு முறை அடித்துத் தெளித்துவிட்டு எழுந்துவிடும். அதற்கு அங்கே செய்ய வேலை எதுவும் இல்லை.

வேலை கொடுங்கள். இரண்டு அகலக் கிண்ணம். ஒன்றில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர், இன்னொன்று காலி. நடுவில் ஒரு சின்னக் கரண்டி, ஒரு வடிகட்டி, ஒரு பஞ்சு (ஸ்பாஞ்ச்). அவ்வளவுதான்.

என் மகள் முதல் முறை கரண்டியால் மொண்டபோது, காலிக் கிண்ணத்துக்குப் போவதற்குள் பாதித் தண்ணீர் மடியில் ஊற்றிக்கொண்டாள். கரண்டியைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்த முறை இடது கையைக் கரண்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு, நாக்கை ஓரமாகக் கடித்தபடி, மெதுவாகக் கொண்டு போனாள். சொட்டுச் சொட்டாக விழுந்தாலும் முக்கால்வாசி போய்ச் சேர்ந்தது. அப்புறம் வடிகட்டி. மொண்டாள், தூக்கினாள், தண்ணீர் எங்கே? மறுபடி மொண்டாள். வடிகட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, அதன் ஓட்டைகள் வழியாக என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. 'அதுல ஓட்டை இருக்கும்மா' என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே விளையாட்டு முடிந்திருக்கும். பஞ்சைப் பிழிய அவளுக்கு விரலில் பலம் போதவில்லை, இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து அழுத்தினாள். சட்டை நனைந்தது, சிரித்தாள், மறுபடி பஞ்சை முக்கினாள். நாற்பது நிமிடம் போனது எனக்கே தெரியவில்லை.

வீடு நனைவதற்கு: குளியலறைத் தரை, முற்றம், மொட்டை மாடியில் நிழல் விழும் மூலை என்று நனையக்கூடிய இடத்தில் வையுங்கள். கூடத்தில்தான் முடியும் என்றால் அடியில் பெரிய துண்டை விரித்து, தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். குழந்தைக்கு உடை வேண்டாம், டயப்பரும் வேண்டாம். முடிந்ததும் தரையைத் துடைக்க அதற்கும் ஒரு துணி கொடுங்கள். துடைப்பதும் அதற்கு விளையாட்டுதான்.

தண்ணீர் பழகிவிட்டதா? பனிக்கட்டிக்கு மாறுங்கள். முதல் நாள் இரவு ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் ஊற்றி, இலை, பூ, கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் பொம்மை ஒன்று போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். சின்ன அச்சில் உறைந்த ஐஸ் கட்டி வேண்டவே வேண்டாம், வாயில் போட்டால் வழுக்கித் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கிண்ண அளவுப் பெரிய கட்டிதான் வேண்டும். எடுத்த உடனே கொடுத்தால் ஈர விரலில் ஒட்டிக்கொண்டு வலிக்கும்; மேலே தண்ணீர் ஊற்றி, மினுமினுவென்று ஈரம் படிந்த பிறகு தட்டில் வைத்துக் கொடுங்கள். ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு ஸ்பூனும் பக்கத்தில் இருக்கட்டும். எங்கே ஊற்றினால் குழி விழுகிறது என்று அதுவே கண்டுபிடிக்கும். பொம்மையின் வால் முதலில் வெளியே வரும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்!

இன்னொன்று, மிக எளிது: ஒரு பெயின்ட் பிரஷ்ஷும் சின்ன வாளியில் கொஞ்சம் தண்ணீரும் கொடுத்துச் சுவருக்கும் தரைக்கும் வண்ணம் அடிக்கச் சொல்லுங்கள். ஈரம் பட்ட இடம் கறுக்கும், கொஞ்ச நேரத்தில் மறையும், மறுபடி அடிக்கும்.

இந்தப் பகுதியில் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஓரிரண்டு அங்குலத் தண்ணீரிலேயே குழந்தை மூழ்க முடியும். இந்த வயதில் தலை கனமானது, வாளிக்குள் குப்புற விழுந்தால் தன்னைத் தானே தூக்கிக்கொள்ள முடியாது. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடவும் செய்யாது. கைக்கு எட்டும் தூரத்திலேயே உட்காருங்கள். அழைப்பு மணி அடித்தால் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறங்கள். முடிந்ததும் எல்லாப் பாத்திரத்தையும் கொட்டிக் கவிழ்த்துவிட்டுத்தான் மறு வேலை.

அறிகுறி: வெளியே போகணும் என்று கதவருகே நின்று அழுகிறது, வெளியே கொளுத்துகிறது

அது கேட்பதில் நியாயம் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகள் நாள் முழுவதும் பிரித்துப் பிரித்துக் குறைந்தது 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது. அந்த ஓட்டத்தை எந்த நேரத்தில் வைப்பது என்பதுதான் நம் வேலை.

புற ஊதாக் கதிர் கடுமையாக இருப்பது காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை. கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை, உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அது வெளியே விளையாடும் நேரம் இல்லை. காலையில் பல் தேய்த்த கையோடு வெளியே கூட்டிப் போய்விடுங்கள், சமையலும் வீட்டு வேலையும் காத்திருக்கட்டும். எட்டு மணிக்குள் நன்றாக ஓடிய குழந்தை மதியத்தில் கதவருகே நிற்பது குறையும், என் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

வெளியே அகலமான விளிம்புள்ள தொப்பி, தளர்ந்த மெல்லிய உடை. சன்ஸ்கிரீன் என்றால் எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் அளவு) 30 அல்லது அதற்கு மேல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் தண்ணீரில் நனைந்த பிறகும் மறுபடி பூச வேண்டும். சறுக்கு மரத்தில் ஏற்றுவதற்கு முன் உங்கள் புறங்கையை அதன் மேல் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியவில்லை என்றால் அதன் தொடைக்கும் தாங்காது. தள்ளுவண்டிக்கு மேல் நிழலுக்காகத் துணி போட்டு மூடாதீர்கள், உள்ளே காற்று நின்று சூடு ஏறும். நிறுத்திய காருக்குள் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது. பத்தே நிமிடத்தில் உள்ளே சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

மதியத்தில் அழுதால் 'வெளியே சூடு' என்று விளக்கினால் அதற்குப் புரியாது. கதவைத் திறந்து, வெயில் பட்ட வாசற்படியை அதன் கையால் லேசாகத் தொட வைத்து, 'சுடுது, சாயங்காலம் போகலாம்' என்று சொன்னால் புரியும். படி கொதிக்கவில்லை என்று முதலில் நீங்கள் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: காலையில் நன்றாக இருக்கிறது, சாயங்காலம் ஆனதும் எதற்கும் அடங்குவதில்லை

இதற்கு மருந்து விளையாட்டு இல்லை, தூக்கம். ஒன்று, இரண்டு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் வேண்டும். மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13. கோடையில் வெளிச்சம் சீக்கிரம் வந்து தாமதமாகப் போவதால் இரண்டு முனையிலும் அரை மணி அரை மணியாகத் தேய்ந்து, வாரக் கடைசியில் பெரிய கடனாகிவிடும். ஜன்னலைக் கனத்த துணியால் மறைத்து, மதியத் தூக்கத்துக்கு முன் மேலுக்கு ஊற்றி, தினமும் ஒரே நேரத்தில் படுக்க வையுங்கள். தூங்காவிட்டாலும் ஒரு மணி நேரம் இருட்டறையில் படுத்துக் கிடப்பது நல்லது. எழுந்ததும் உடனே எதையும் ஆரம்பிக்காமல், பத்து நிமிடம் மடியில் வைத்திருங்கள்.

அறிகுறி: நான் எழுந்தால் விளையாட்டு நின்றுவிடுகிறது

அது விளையாட மறுக்கவில்லை, நீங்கள் எந்த நேரமும் எழுந்துவிடுவீர்கள் என்ற பயத்தில் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது. போனைத் தள்ளி வைத்துவிட்டு, பத்து நிமிடம் முழுதாகத் தரையில் உட்காருங்கள். 'இது என்ன நிறம், இது எத்தனை' என்று கேள்வி கேட்காதீர்கள். அது தரும் காலிக் கப்பை வாங்கிக் குடிப்பது போல் செய்து திருப்பிக் கொடுங்கள், போதும். அது தன் போக்கில் இறங்கிய பிறகு அதே இடத்தில் உங்கள் வேலையைக் கொண்டுவாருங்கள். துணி மடிப்பதோ காய் நறுக்குவதோ எதுவாக இருந்தாலும் அதன் கண்ணெதிரே நடக்கட்டும். நறுக்குவதாக இருந்தால் கத்தி மட்டும் அதற்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

இன்னும் நல்லது, உங்கள் வேலையில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுவது. துவைத்த துணியில் காலுறைகளைப் பொறுக்கித் தரட்டும், செடிக்கு ஒரு கப் தண்ணீர் ஊற்றட்டும். வேலை இரட்டிப்பு நேரம் எடுக்கும், உண்மைதான். ஆனால் விளையாட்டு காட்டப் போகும் நேரத்தை அதில் கழித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: போன் கேட்டு அழுகிறது

அதே 2019 வழிகாட்டுதல், ஒரு வயதில் திரை வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைவாக இருந்தால் நல்லது என்கிறது. ஏற்கெனவே பழகிவிட்டது என்றால் குற்ற உணர்ச்சியில் நேரத்தைக் கழிக்காதீர்கள். பழக்கம் ஒரு நேரத்தோடும் ஓர் இடத்தோடும் ஒட்டியிருக்கும். மதியம் சாப்பிட்டதும் சோபாவில் போன் என்றால், சாப்பிட்டதும் சோபா பக்கமே போகாமல் நேராகத் தண்ணீர்க் கிண்ணத்துக்குக் கூட்டிப் போங்கள். போன் கண்ணில் படக் கூடாது, உங்கள் கையிலும்தான். முதல் சில நாள் அழுகை கடுமையாக இருக்கும். அழட்டும், மடியில் வைத்துக்கொள்ளுங்கள், கொடுக்காதீர்கள். நடுவில் ஒரு நாள் கொடுத்துவிட்டால், இன்னும் கொஞ்சம் அழுதால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும்.

அறிகுறி: துணைக்கு இன்னொரு குழந்தையைக் கூப்பிட்டால் சண்டைதான் வருகிறது

அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இலேயே இதை எழுதிவைத்தார்: சின்ன வயதில் குழந்தைகள் ஒன்றாக விளையாடுவதைவிடப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவதே அதிகம். பகிர்ந்துகொள் என்று வற்புறுத்தாமல், எல்லாவற்றிலும் இரண்டு வையுங்கள். இரண்டு கிண்ணம், இரண்டு கரண்டி, நிறம்கூட ஒன்றாக இருக்கட்டும்.

அறிகுறி: இதில் எதுவுமே எடுபடவில்லை

அப்படியும் நாட்கள் வரும். கிண்ணங்களை ஓரமாகத் தள்ளுங்கள். தரையைத் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே நீங்கள் மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம். குழந்தை முதலில் உங்கள் மேல் ஏறும், வயிற்றில் உட்கார்ந்து குதிக்கும், மூக்கைப் பிடிக்கும், காதுக்குள் விரலை விடும். உடம்பு தாங்கும்வரை விடுங்கள். வீட்டில் வேறு யாராவது இருந்தால் வெட்கப்படாமல் அரை மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முகம் கழுவி வாருங்கள். வெயில் இறங்கியதும் வாசற்படியில் கையை வைத்துப் பாருங்கள். ஆறியிருந்தால் செருப்பை எடுத்துவரச் சொல்லுங்கள்.